லினக்ஸ் போட்டேன், திரை கறுப்பாகிவிட்டது: கேள்வி பதில்

பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால், பாயான் லெப்பாஸ் என்று பினாங்கின் பல மூலைகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. கோலாலம்பூரிலிருந்தும் ஒன்று. எல்லாமே லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்ட கணினியின் திரையைப் பற்றியவை.

பதில்களுக்கு முன் ஒரு வேண்டுகோள். திரை கறுப்பானதும் மறுபடி முதலிலிருந்து நிறுவாதீர்கள். பல வருடங்களுக்கு முன் நானும் அதைத்தான் செய்தேன். மூன்றாவது முறை நிறுவும்போது, களைப்பில், தவறான வட்டுப் பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அண்ணன் மகளின் கல்யாணப் படங்கள் அதில்தான் இருந்தன. திரும்பக் கிடைக்கவில்லை. பழுது டிரைவரில்தான் (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளில்) இருந்தது; அரை மணி நேர வேலை. அதனால் முதலில் எந்தக் கட்டத்தில் திரை போகிறது என்று கவனியுங்கள். பெண்டிரைவிலிருந்து தொடங்கும்போதா, நிறுவிய பிறகு முதல் தடவையா, கடவுச்சொல் கொடுத்த பிறகா, அப்டேட் போட்ட மறுநாளா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

அண்ணே, கேமிங் மடிக்கணினி, என்விடியா ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டு. உபுண்டு 24.04 லினக்ஸ் உள்ள பெண்டிரைவைச் செருகித் தொடங்கினா லோகோ வருது, அப்புறம் ஒண்ணும் இல்ல. காத்தாடி மட்டும் சுத்துது. மூணு தடவை பெண்டிரைவை மறுபடி எழுதிப் பார்த்துட்டேன். (கல்லூரி மாணவர், பட்டர்வொர்த்)

தம்பி, பெண்டிரைவ் மேல் குற்றம் இருக்க வாய்ப்பு குறைவு. லோகோ வரை வந்ததே அதற்குச் சாட்சி.

நடப்பது இதுதான். கணினி விழித்தவுடன் திரையைப் பார்த்துக்கொள்வது பயாஸ் என்ற தொடக்க மென்பொருள். கொஞ்ச நேரத்தில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அந்தப் பொறுப்பைத் தன் கைக்கு மாற்றிக்கொள்கிறது. அந்தக் கைமாற்றத்தில்தான் திரை நழுவுகிறது. என்விடியா கார்டுக்குப் பெண்டிரைவில் பெரும்பாலும் இருப்பது நூவோ என்ற திறமூல டிரைவர். நிறுவனம் விவரம் தராத காலத்தில், கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்று வெளியிலிருந்து கவனித்துக் கவனித்தே ஆர்வலர்கள் எழுதியது அது. பெரிய உழைப்பு. ஆனால் கார்டு புதிதாகவும் கெர்னல் பழையதாகவும் இருந்தால் அது திணறிவிடும்.

பெண்டிரைவ் தொடங்கும் பட்டியலிலேயே 'சேஃப் கிராபிக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். அது இல்லையென்றால், முதல் வரியில் நின்று ஆங்கில 'ஈ' எழுத்தை அழுத்துங்கள். வரும் எழுத்துகளில் 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய், ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். நோ, மோட், செட் மூன்றும் ஒட்டி, எல்லாம் சிறிய எழுத்தில். பிறகு எஃப்10. 'திரையின் பொறுப்பை நீ எடுக்காதே, பயாஸ் கொடுத்ததையே வைத்துக்கொள்' என்று கெர்னலுக்குச் சொல்வதுதான் இந்தச் சொல்.

படம் வந்துவிடும். நிறுவும்போது மூன்றாம் தரப்பு கிராபிக்ஸ் மென்பொருளையும் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். நிறுவி முடித்து முதல் தடவை திறக்கும்போதும் திரை கறுப்பானால், இதே சொல்லை இன்னொரு முறை கொடுக்க வேண்டும், ஏனென்றால் அது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான் நிற்கும். உள்ளே போனதும் 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து, பரிந்துரைக்கப்பட்ட என்விடியா டிரைவரைப் போட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.

நீங்க சொல்ற அந்தச் சொல்லை ஒருத்தர் என் கணினியில நிரந்தரமாவே போட்டுக் கொடுத்தார், சார். திறக்குது. ஆனா வீடியோ தடுக்கித் தடுக்கி ஓடுது, திரை வெளிச்சத்தைக் குறைக்க முடியல, வகுப்புல புரொஜெக்டர் மாட்டினா படமே வரல. (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, புக்கிட் மெர்தாஜாம்)

டீச்சர், மூன்று தொல்லைக்கும் காரணம் அந்த ஒரே சொல்தான். நோமோட்செட் ஊன்றுகோல். கால் சரியான பிறகும் அதோடு நடந்தால் ஓட முடியாது. அது இருக்கும்வரை கிராபிக்ஸ் சிப் சும்மா கிடக்கும், படம் வரையும் வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழும்.

முதலில் சரியான டிரைவரைப் போடுங்கள். பிறகு கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப் என்ற நிரலின் அமைப்புக் கோப்பைத் திறந்து (இடிசி உறைக்குள் டிஃபால்ட் என்ற உறை, அதில் கிரப் என்ற கோப்பு) நோமோட்செட் என்ற சொல்லை மட்டும் அழித்துச் சேமியுங்கள். கட்டளை தட்டும் சன்னலான டெர்மினலில் 'சூடோ அப்டேட்-கிரப்' கொடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள்.

புரொஜெக்டர் பற்றி இன்னொரு விஷயம். பல கேமிங் மடிக்கணினிகளில் எச்டிஎம்ஐ துளை நேராக என்விடியா சிப்பில் இணைந்திருக்கும். உள் திரை இன்டெல் சிப்பில் இருக்கும். என்விடியா டிரைவர் ஏறாதவரை உள் திரை நன்றாக வேலை செய்யும், வெளித் திரை மட்டும் வராது. கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லுச்சு, வெச்சேன். ரீஸ்டார்ட் பண்ணினா நீலத் திரை. பயந்துபோய் 'கன்டினியூ பூட்' அழுத்திட்டேன். இப்ப டிரைவர் இருக்குன்னு காட்டுது, ஆனா வேலை செய்யல. (நிபோங் திபால்)

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இது. பயந்ததில் தப்பில்லை, அந்தத் திரையின் தோற்றமே அப்படி.

இப்போதைய மடிக்கணினிகளில் செக்யூர் பூட் என்ற காவல் இருக்கிறது. கையொப்பம் இல்லாத எதையும் அது கெர்னலுக்குள் விடாது. உங்கள் கணினியிலேயே கட்டப்படும் என்விடியா டிரைவருக்கு உங்கள் கணினியே ஒரு சாவியால் கையொப்பம் இடுகிறது. அந்தச் சாவி உங்களுடையதுதான் என்று நீங்கள் நேரில் உறுதி சொல்ல வேண்டும். அதற்காக வந்ததுதான் நீலத் திரை. கடவுச்சொல்லும் அதற்குத்தான். நீங்கள் கடந்து போய்விட்டதால், டிரைவர் வட்டில் இருந்தும் வாசலில் நிற்கிறது. 'என்விடியா-எஸ்எம்ஐ' என்று தட்டிப் பார்த்தால் டிரைவரோடு பேச முடியவில்லை என்று பதில் வரும்.

திரும்பக் கேட்க வைக்கலாம். டெர்மினலில் 'சூடோ மோக்யூட்டில்' கட்டளையோடு இம்போர்ட் என்ற தேர்வையும் சாவிக் கோப்பின் இடத்தையும் சேர்த்துக் கொடுங்கள். உபுண்டுவில் சாவி, வார் உறைக்குள் லிப், அதற்குள் ஷிம்-சைண்டு, அதற்குள் மோக் என்ற உறையில் இருக்கும். புதிய கடவுச்சொல் ஒன்று கேட்கும். வெறும் எண்களாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீலத் திரை அமெரிக்க விசைப்பலகை அமைப்பையே எடுத்துக்கொள்வதால், குறியீடுகள் இடம் மாறி உங்களைக் குழப்பலாம். மறுதொடக்கத்தில் நீலத் திரை வந்ததும் 'என்ரோல் மோக்' (மோக் என்பது அந்தச் சாவி), 'கன்டினியூ', 'யெஸ்', கடவுச்சொல், 'ரீபூட்'. இதற்குச் சில விநாடிகள்தான் தருவார்கள். எந்த விசையையும் அழுத்தாவிட்டால் அதுவே கடந்து போய்விடும். அதனால் கணினி முன்னால் உட்கார்ந்திருங்கள், தே தாரிக் கலக்கப் போய்விடாதீர்கள்.

செக்யூர் பூட்டை ஒரேயடியாக அணைத்துவிடு என்று சிலர் சொல்வார்கள். வேலை செய்யும். ஆனால் அதே கணினியில் விண்டோஸும் பிட்லாக்கர் என்ற அதன் வட்டுப் பூட்டும் இருந்தால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அதை முன்கூட்டியே எழுதி வைக்காமல் பயாஸைத் தொடாதீர்கள்.

என்விடியா தளத்துலேர்ந்து நேரா டிரைவர் இறக்கிப் போட்டேன். இப்ப உள்நுழையுற திரையே வரல. (செபராங் ஜெயா)

விண்டோஸ் பழக்கம் தம்பி, அங்கே அப்படித்தான் செய்வோம். லினக்ஸில் அந்தக் கோப்பைத் தொடவே வேண்டாம். உபுண்டு தன் பெட்டகத்திலிருந்து கொடுக்கும் டிரைவரும் நீங்கள் இறக்கியதும் ஒன்றின் கோப்புகளை மற்றது மிதித்துவிடும்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், எழுத்துத் திரை வரும். உள்நுழைந்து, இறக்கிய அதே கோப்பை 'அன்இன்ஸ்டால்' தேர்வோடு ஓட்டுங்கள். பிறகு 'சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்'. அவ்வளவுதான்.

பழைய மடிக்கணினி, ஜிடி 740எம் கார்டு. புது டிரைவர் எதுவும் ஏற மாட்டேங்குது. (சுங்கை டுவா)

ஏறாது ஐயா. அது கெப்ளர் தலைமுறை. அதற்கான கடைசி டிரைவர் வரிசை 470. அதற்கும் முந்திய ஃபெர்மிக்கு 390. இரண்டுக்கும் ஆதரவு முடிந்துவிட்டது, புதிய கெர்னல்களோடு அவை ஒத்துப்போக மறுக்கும். இந்த வயதுக் கார்டுகளில் நூவோ பெரும்பாலும் போதும். எழுத, படிக்க, வீடியோ பார்க்க உங்கள் கணினியில் இருக்கும் இன்டெல் சிப்பே தாங்கும். பணம் செலவழிக்காதீர்கள்.

ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக்காரர்களும் கவனிக்க வேண்டும்: மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு 580 வரிசைதான் கடைசி. மறுபக்கம், ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வைத்திருப்பவர்கள் டிரைவர் பட்டியலில் 'ஓப்பன்' என்று பெயரில் இருப்பதையே எடுக்க வேண்டும். மற்றது அந்தக் கார்டில் வேலையே செய்யாது. 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவைக் கடுமையாகச் சாடினார். பத்து வருடம் கழித்து, 2022 மே மாதம், அதே நிறுவனம் தன் கெர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்துவிட்டது. அந்த மாற்றத்தால் நமக்கு உண்மையாகவே நல்லது நடந்திருக்கிறது.

என்கிட்ட என்விடியாவே இல்ல, இன்டெல் மட்டும்தான். நிறுவினது நல்லா போச்சு. ஆனா திரை அப்பப்ப துடிக்குது, சில நேரம் அரை விநாடி உறையுது. (தொழிற்சாலைத் தொழில்நுட்பர், பாயான் லெப்பாஸ்)

இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972-இல் திறந்தது பாயான் லெப்பாஸில்தான். நம் அத்தைமார், அக்காமார் பலர் அந்தத் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்த்து வளர்த்த பிள்ளைகள் நாம். அந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ஒரு பாசம்.

காரணம் பெரும்பாலும் பிஎஸ்ஆர் என்ற மின்சிக்கன வசதி. படம் மாறாதபோது திரையே தன் நினைவிலிருந்து படத்தைக் காட்டிக்கொள்ளும், சிப் தூங்கும். சில திரைகளில் விழிக்கும் நேரத்தில் தடுமாற்றம். முன்பு சொன்ன அதே கிரப் கோப்பில், 'கொயட் ஸ்பிளாஷ்' என்ற சொற்களுக்குப் பின்னால், 'ஐ915' என்று எழுதி, ஒரு புள்ளி வைத்து, 'எனேபிள்', அடிக்கோடு, 'பிஎஸ்ஆர்', சமக்குறி, பூஜ்யம் என்று சேருங்கள். இடையில் எங்கும் இடைவெளி கூடாது. 'அப்டேட்-கிரப்', மறுதொடக்கம். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். துடிப்பு நின்றுவிட்டால் அது மலிவான விலைதான்.

புது ஏஎம்டி ரைசன் மடிக்கணினியில லினக்ஸ் மின்ட் போட்டேன். படம் வருது, ஆனா சன்னலை இழுத்தாகூட இழுபடுது. ஏஎம்டிக்கு டிரைவரே தேவையில்லன்னாங்களே? (பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்)

தனியாக நிறுவத் தேவையில்லை என்பது சரி. டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் உங்கள் சிப் அந்தக் கெர்னலுக்குப் பிறகு பிறந்திருந்தால் கெர்னலுக்கு அந்தச் சிப்பைத் தெரியாது. கணினி விவரத்தில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால், பிராசஸர்தான் படம் வரைகிறது என்று பொருள். மின்ட்டின் 'அப்டேட் மேனேஜர்' மேல்பட்டியில் 'வியூ', அதில் 'லினக்ஸ் கெர்னல்ஸ்'. அங்கே கிடைப்பதில் புதியதைப் போடுங்கள்.

ஆறு மாசமா நல்லா ஓடுச்சு அண்ணே. நேத்து அப்டேட் போட்டேன், இன்னைக்குக் கறுப்பு. நாளைக்கு அசைன்மென்ட் அனுப்பணும். (மாணவி, கெலுகோர்)

தங்கச்சி, முதலில் அசைன்மென்ட். கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் கிரப் பட்டியல் வரும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், புதியதற்கு முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். நேற்றுவரை ஓடிய அதே கணினி திரும்ப வரும். வேலையை முடித்து அனுப்புங்கள்.

அனுப்பிய பிறகு படியுங்கள். கெர்னல் புதிதாக வரும் ஒவ்வொரு முறையும் என்விடியா டிரைவரை அதற்கேற்ப மறுபடி கட்ட வேண்டும். அந்த வேலையைப் பின்னணியில் செய்வது டிகேஎம்எஸ். அது தோற்றால் புதுக் கெர்னலுக்கு டிரைவர் இருக்காது. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்று தட்டினால் எந்தக் கெர்னலுக்குக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியும். நான் பார்த்த காரணங்கள் இரண்டு: டிரைவர் கட்டத் தேவையான, கெர்னலின் 'ஹெடர்ஸ்' தொகுப்பு இல்லாமை, வட்டில் இடம் இல்லாமை. முதலில் 'டிஎஃப் -எச்' கொடுத்து இடத்தைப் பாருங்கள். வட்டு நிரம்பி வழிந்தால் டிரைவர் மட்டுமில்லை, உள்நுழைவுத் திரையே திறக்காது. இடம் பண்ணி, 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்' தொகுப்பைப் போட்டு, டிரைவரை மறுபடி நிறுவுங்கள்.

ஃபெடோரா என்ற இன்னொரு வகை லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே இடத்தில் ஒரு சொல். அங்கே ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற மென்பொருள் பெட்டகம் வழியாக டிரைவர் போட்டதும் உடனே மறுதொடக்கம் செய்யாதீர்கள். பின்னணியில் கட்டி முடிக்கச் சில நிமிடம் பிடிக்கும். அதற்குள் அணைத்தால் கறுப்புத் திரைதான்.

மகள் பல்கலைக்கழகம் போகிறாள். லினக்ஸ்தான் வேண்டும் என்கிறாள். என்விடியா உள்ளதை வாங்கட்டுமா, இல்லாததையா? (தந்தை, ஆயர் ஈத்தாம்)

ஐயா, பிள்ளை முப்பரிமாணப் படைப்பு, இயந்திரக் கற்றல், கனமான விளையாட்டு இவற்றில் ஒன்றையாவது செய்யப் போகிறாளா என்று கேளுங்கள். ஆம் என்றால் என்விடியா வாங்கலாம், மேலே சொன்ன தொல்லைகளையும் அவள் கற்றுக்கொள்வாள். இல்லையென்றால் இன்டெல் அல்லது ஏஎம்டி மட்டும் உள்ளது போதும். விலையும் குறையும், பேட்டரியும் நிற்கும். மிக அண்மையில் வெளிவந்த மாடலைவிட, வந்து ஒரு வருடம் ஆனதை எடுங்கள். அதற்குள் கெர்னல் அதைக் கற்றிருக்கும்.

கொம்தாரோ, பிராங்கின் மாலோ, எந்தக் கடைக்குப் போனாலும் லினக்ஸ் பெண்டிரைவை மகள் கையோடு கொண்டுபோகட்டும். நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பத்து நிமிடம் போதும்: படம் வருகிறதா, வெளிச்ச விசை வேலை செய்கிறதா, மூடித் திறந்தால் திரை திரும்ப வருகிறதா, கடையில் உள்ள மானிட்டரை எச்டிஎம்ஐயில் மாட்டினால் தெரிகிறதா. என்விடியா உள்ளதென்றால் கடைசி இரண்டும் டிரைவர் போட்ட பிறகுதான் சரியாகத் தெரியும், அதை வைத்து மட்டும் ஒதுக்கிவிட வேண்டாம். மற்றதெல்லாம் சரியாக இருந்தால் பணத்தைக் கொடுங்கள்.