சோளக்குருவி சில வருடம் வருகிறது, சில வருடம் வருவதில்லை: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம்.

எங்கள் ஊர்க் கண்மாய்ப் பக்கம் சில வருடங்களாகச் சோளக்குருவிகளைக் கவனித்து வருகிறேன். ஒரு மார்கழியில் வானம் கறுத்துப்போகிற அளவுக்கு வந்தன. அடுத்த வருடம் பத்து இருபதுதான். அதற்கடுத்த வருடம் மறுபடி பெருங்கூட்டம். போன குளிர்காலத்தில் ஒன்றுகூட இல்லை. மற்ற வலசைப் பறவைகள் தவறாமல் வருகின்றன. இது மட்டும் ஏன் இப்படி? இனமே அழிகிறதா? கண்மாய்க்குள் இருந்த சீமைக்கருவேலத்தை ஒட்டுமொத்தமாக வெட்டியது காரணமாக இருக்குமா?

எம்.

அன்புள்ள எம்.,

ஒரு குளிர்காலம் வராததை வைத்து இனம் அழிகிறது என்று சொல்ல முடியாது. இந்தப் பறவையின் சுபாவம் அப்படி. வலசை வருகிற இன்னொரு பறவையான பழுப்புக் கீச்சானைப் பாருங்கள். போன வருடம் உட்கார்ந்த அதே வேலிக்கு இந்த வருடமும் வந்து, இன்னொரு கீச்சானை அண்டவிடாமல் குளிர்காலம் முழுக்க அங்கேயே இருக்கும். சோளக்குருவிக்கு அப்படிச் சொந்த இடம் என்று ஒன்று கிடையாது. இரை எங்கே இருக்கிறதோ அங்கே கூட்டமாக இறங்கும், தீர்ந்தால் கிளம்பிவிடும். சூறைக்குருவி என்றும் அதைச் சொல்கிறார்களே, பொருத்தம்தான்.

கூடு கட்டும் இடத்திலும் அதே கதைதான். கஜகஸ்தானிலும் அதைச் சுற்றியுள்ள புல்வெளிகளிலும் மே, ஜூன் மாதங்களில் பாறை இடுக்குகளிலும் கற்குவியல்களிலும் ஆயிரக்கணக்கில் கூடுகட்டுகின்றன. குஞ்சுகளுக்கு வெட்டுக்கிளிதான் பிரதான உணவு. வெட்டுக்கிளி பெருகிய இடத்தில் கூட்டம் கூடும். அடுத்த வருடம் அங்கே வெட்டுக்கிளி இல்லையென்றால் அந்த இடம் காலியாகக் கிடக்கும். சில வருடங்களில் மேற்கே வெகுதூரம் போய்விடுவதும் உண்டு. 1875இல் இத்தாலியில் வெரோனாவுக்குப் பக்கத்தில், வில்லாஃப்ராங்காவின் பழைய கோட்டையில் ஆயிரக்கணக்கில் வந்து கூடுகட்டின. 2018, 2020 கோடைகளிலும் ஐரோப்பாவுக்குள் பெரும் கூட்டங்கள் நுழைந்தன. சீனாவின் ஷின்ஜியாங்கில் வெட்டுக்கிளியை ஒழிக்க மருந்தடிப்பதைக் குறைத்து, இந்தக் குருவிகள் தங்குவதற்கென்றே கற்களைக் குவித்து வைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

ஆக, எத்தனை குஞ்சுகள் தேறின என்பதே வருடத்துக்கு வருடம் மாறும். அப்புறம் அவை ஜூலை, ஆகஸ்டிலேயே வடமேற்கு வழியாக இந்தியாவுக்குள் வர ஆரம்பிக்கின்றன. குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் நல்ல மழை பெய்து, புல்லும் பூச்சியும் தானியமும் செழித்திருந்தால் பெருங்கூட்டங்கள் அங்கேயே தங்கிவிடலாம். உங்கள் பக்கம் சோளமும் கம்பும் போய் மக்காச்சோளமும் பருத்தியும் வந்திருந்தால், அதுவும் கணக்கில் சேரும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். போன வருடம் உண்மையிலேயே ஒன்றும் வரவில்லையா, அல்லது அடையாளம் தெரியவில்லையா? அந்த ரோஜா நிறமும் கருந்தலையும் வளர்ந்த பறவைக்குத்தான். இளசுகள் மண் நிறத்தில், மஞ்சள் அலகோடு இருக்கும். தூரத்தில் மைனா என்றே கடந்துபோவோம். வளர்ந்தவையும் குளிர்காலத் தொடக்கத்தில் அழுக்குப் பிடித்தமாதிரிதான் தெரியும். இறகு நுனிகளிலுள்ள பழுப்பு ஓரம் மெல்லத் தேய்ந்த பிறகுதான் அடியிலிருக்கும் நிறம் வெளியே வரும். மாசி, பங்குனியில் இலையுதிர்ந்த இலவமரத்தடியில் நின்று பாருங்கள். சிவந்த பூவுக்குள் தலையை முழுக்க விட்டுத் தேன் குடித்துவிட்டு, நெற்றியெல்லாம் மகரந்தத்தோடு நிமிரும். பக்கத்துப் பூவில் இன்னொன்று உட்கார்ந்தால் உடனே சண்டை. அந்தச் சளசளப்பைக் கேட்டே மரத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஐரோப்பாவில் வாக்ஸ்விங் என்று ஒரு பறவை உண்டு. வடக்கே ரோவன் மரப் பழங்கள் பொய்த்த குளிர்காலங்களில் திடீரென்று தெற்கே பெருங்கூட்டமாக வந்துவிடும். அந்தக் காலத்து மக்கள் அதைக் கொள்ளைநோய்க்கு அறிகுறி என்று பயந்தார்கள். நாமோ, பறவை வராததைப் பார்த்துப் பயப்படுகிறோம்.

ஆனாலும் உங்கள் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். ஒழுங்காக வருகிற பறவை குறைந்தால் இரண்டு மூன்று வருடத்தில் தெரிந்துவிடும். இஷ்டத்துக்கு வந்துபோகிற பறவை குறைந்தால் 'இந்த வருடம் வேறெங்கோ போயிருக்கும்' என்றே எல்லா ஊரிலும் சொல்லிக்கொண்டிருப்போம். உண்மையிலேயே குறைந்திருந்தாலும் தெரியாது. எனக்குப் பயம் அதில்தான்.

அதனால் ஒன்று கேட்கிறேன். வந்த நாளை மட்டும் எழுதாதீர்கள். போய்ப் பார்த்தும் இல்லாத நாளையும் எழுதுங்கள். தேதி, நேரம், எவ்வளவு நேரம் நின்றீர்கள், என்னென்ன பறவைகள் கண்ணில் பட்டன, அவ்வளவு போதும். பார்த்த பறவைகளையெல்லாம் விடாமல் எழுதிய பட்டியலில் சோளக்குருவி இல்லையென்றால் அதுவும் ஒரு தகவல்தான். பறவைப் பட்டியல்களைப் பதிந்துவைக்கும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். தை மாதத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும்போது கண்மாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூறு ஊர்களின் இப்படிப்பட்ட பட்டியல்களைச் சேர்த்து வைத்தால்தான், இடம் மாறியதா எண்ணிக்கை குறைந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

சரி, சீமைக்கருவேலம். இந்தக் குருவிகள் பகலில் எங்கெங்கோ மேய்ந்துவிட்டு, அந்தியில் ஆயிரக்கணக்கில் முள்மரங்களிலோ நாணல் புதரிலோ வந்து அடையும். அடைகிற மரங்கள் மொத்தமாகப் போனால் கூட்டம் வேறு கண்மாய்க்கு மாறும். ஆகவே வெட்டியது ஒரு காரணமாக இருக்கலாம். அந்த மரத்தை அகற்றக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே மூச்சில் மொட்டையடிக்காமல், பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் நாட்டுக் கருவேலத்தை வளரவிட்ட பிறகு அடுத்த பகுதிக்குப் போகலாம். ஊராட்சியில் பேச உங்களுக்கு வாய்ப்பிருந்தால் இதைக் கேளுங்கள். அதற்கு முன்னால், சுற்றுவட்டாரக் கண்மாய்களில் முள்மரம் மிச்சமிருப்பவற்றை வரும் மார்கழியில் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.