பள்ளி மணி அடித்த பிறகு கைப்பேசி எங்கே இருக்க வேண்டும்?

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, மாணவர்களின் கைப்பேசியைப் பற்றியே பேசுகின்றன. நான்கும் நம் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்தவை. ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றொன்றுக்கும் உதவும் என்பதால் அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் காரைக்குடியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறான், தினமும் பேருந்தில் போய் வருகிறான். அவனுடைய அப்பச்சி (அப்பா) சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார்; மதிய இடைவேளையில் மகனை அழைத்துப் பேசுவது அவர் வழக்கம். இனிப் பள்ளிக்குக் கைப்பேசியே கொண்டுவரக் கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் அறிவித்துவிட்டார்கள். பேருந்து தவறினால் பிள்ளை எப்படித் தகவல் சொல்வான்? இந்தத் தடை நியாயமா?
– ஒரு தாய், கானாடுகாத்தான்

பதில்: உங்கள் பள்ளி இரண்டு வெவ்வேறு செய்திகளை ஒன்றாக்கிவிட்டது என்று கருதுகிறேன். பிள்ளை வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பும் வழியில் அவனிடம் கைப்பேசி இருப்பது ஒன்று. வகுப்பறையில் அவன் சட்டைப்பையில் அது இருப்பது மற்றொன்று. முதலாவதைத் தடுக்கத் தேவையில்லை. இரண்டாவதைக் கட்டாயம் தடுக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் ஒரு மாணவர் தொடர்பான வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் வகுத்த வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: கைப்பேசியை அடியோடு தடை செய்வது நடைமுறைக்கு ஒவ்வாது, பாதுகாப்பாக வைக்க வசதியுள்ள பள்ளிகள் காலையில் அதை வாங்கி வைத்து மாலையில் திருப்பித் தரலாம், வகுப்பறையில் பயன்படுத்த அனுமதிக்கக் கூடாது. ஆகவே, கைப்பேசிகளை வகுப்புவாரியாக வாங்கிப் பூட்டி வைக்க ஓர் அலமாரியும், அவசரத்துக்குப் பிள்ளைகள் பேசப் பள்ளி அலுவலகத்தில் ஒரு தொலைபேசியும் கேளுங்கள். அந்த எண்ணை ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பேருந்து தவறினால் வீட்டுக்குச் சொல்ல ஒரு பட்டன் போனே போதும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

வகுப்பறைக்குள் ஏன் கூடாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கவனம் ஒருமுறை சிதறினால், மாணவர் மீண்டும் பாடத்துக்குள் முழுமையாக வர இருபது நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை குறிப்பிடுகிறது. ஒரு பாடவேளையே ஏறத்தாழ நாற்பது நிமிடந்தான். இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் கைப்பேசியைத் தடை செய்த பள்ளிகளை இரண்டு பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவு என் மனத்தில் ஆழமாகப் பதிந்த ஒன்று. தடைக்குப் பிறகு மதிப்பெண்ணில் மிகுதியாக முன்னேறியவர்கள் பின்தங்கிய மாணவர்களே. முதல் வரிசை மாணவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கும் பிள்ளையும், டியூஷன் போகும் பிள்ளையும் வகுப்பில் விட்டதை எப்படியோ பிடித்துக்கொள்கிறார்கள். வகுப்பறையைத் தவிர வேறு கதியில்லாத பிள்ளைக்குத்தான் கைப்பேசி உண்மையான நட்டத்தைத் தருகிறது. இந்தக் கட்டுப்பாடு அப்பிள்ளைக்காகவே வேண்டும் என்று நான் மனமார நம்புகிறேன். அது எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டியதும் அதனால்தான். ஒரு பிள்ளையிடம் மட்டும் கைப்பேசி இல்லையென்றால் அவன் தனித்துப் போவான், ஒருவரிடமும் இல்லையென்றால் யாருக்கும் குறையில்லை.

உங்கள் கணவரின் அழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, கடல் கடந்து போனவர்களின் கடிதத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்த வீடுகள் நம்முடையவை. தந்தையின் குரல் நாள்தோறும் கேட்பது எத்தனை பெரிய பேறு என்பதை நான் அறிவேன். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் இருப்பதால், இங்கே மாலை ஐந்தாகும்போது அங்கே இரவு ஏழரை. பெரும்பாலும் அவரும் வேலை முடித்திருப்பார். பள்ளித் தாழ்வாரத்தின் ஒரு மூலையில் அவசரமாகப் பேசுவதைவிட, வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) நீங்களும் அப்பத்தாவும் அருகிலிருக்க அவன் ஆற அமரப் பேசலாம்.

கேள்வி: வகுப்பில் கைப்பேசி பார்த்த மாணவனிடமிருந்து அதை வாங்கி வைத்தேன். மறுநாள் அவன் பெற்றோர் வந்து சண்டையிட்டார்கள். உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர், “உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று திறந்து பார்த்திருக்க வேண்டும்” என்கிறார். நான் செய்தது தவறா?
– ஓர் ஆசிரியர், தேவகோட்டை

பதில்: வாங்கி வைத்தது தவறன்று, ஆனால் அதற்குரிய விதி முன்கூட்டியே எழுத்தில் பெற்றோர் கைக்குப் போயிருக்க வேண்டும். எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், யாரிடம் திருப்பித் தருவீர்கள், மறுமுறை நடந்தால் என்ன செய்வீர்கள் என்பவை ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால் அந்தச் சண்டைக்கு இடமிருந்திராது. முதல்முறை அன்று மாலையே மாணவனிடம் திருப்பித் தருவதும், மறுமுறை பெற்றோரை அழைத்துத் தருவதும் பொருத்தமாக இருக்கும். ஒரு பதிவேட்டில் நேரத்தையும் கையொப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரு மாணவனின் கைப்பேசியை வாங்கி, ஒரு வாரம் என் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தேன். அது அந்தக் குடும்பத்துக்கே இருந்த ஒரே கைப்பேசி என்பதும், நோயுற்றிருந்த அவன் ஆயாவைப் (அம்மாவின் தாயைப்) பற்றி மருத்துவமனையிலிருந்து அதற்குத்தான் அழைப்பு வரும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன. அந்தப் பையன் பயத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றும் அது என்னை வருத்துகிறது. பிள்ளையின் கையிலிருக்கும் கைப்பேசி பிள்ளையுடையதுதானா என்று முதலில் கேளுங்கள்.

திறந்து பார்ப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். அதில் அவன் தாயின் படங்களும், வீட்டுக் கணக்கும், வங்கிச் செய்திகளும் இருக்கக்கூடும். யாரேனும் மிரட்டுகிறார்கள், படத்தைப் பரப்புகிறார்கள் என்ற ஐயம் எழுந்தால், தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிவித்து, குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் இணையக் குற்றப் புகார் எண் 1930ஐயும் நாடுவதே முறை.

கேள்வி: என் பேரன் ஒன்பதாம் வகுப்பு. இரவு பதினொரு மணிக்கும் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் பார்க்கிறான். ஆஸ்திரேலியாவில் பதினாறு வயது வரை தடை செய்துவிட்டார்களாமே, அதுபோல் இங்கும் வந்தால்தான் விடிவா?
– ஒரு பெரியவர், பள்ளத்தூர்

பதில்: ஐயா, ஆஸ்திரேலியச் சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் தண்டனை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கத் தக்க முயற்சி எடுக்காத நிறுவனங்களுக்கே 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பொறுப்பை நிறுவனங்களின் தலையில் சுமத்திய அந்த அணுகுமுறை எனக்குச் சரியென்றே படுகிறது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. அவை முழுமையாக நடைமுறைக்கு வரக் கால அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியக் கிராமங்களில் நடத்தப்பட்ட 2024ஆம் ஆண்டு ஏசர் (ASER) கல்வி ஆய்வின்படி, 14 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஸ்மார்ட்போனை இயக்கத் தெரிந்தவர்கள். அவர்களுள் ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியோர் 57 விழுக்காடு, சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியோர் 76 விழுக்காடு. இங்கிலாந்தில் முப்பது பள்ளிகளில் நடந்து 2025இல் வெளியான பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வு, பள்ளியில் மட்டும் கட்டுப்படுத்துவதால் பிள்ளைகளின் மனநலத்தில் வேறுபாடு தெரியவில்லை என்கிறது. நாள் முழுவதிலும் அவர்கள் கைப்பேசி பார்க்கும் நேரம் பெரிதாகக் குறையாததும் அதில் தெரியவந்தது. பள்ளியின் விதி பள்ளி நேரத்தைத்தான் காக்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும், உங்களுடையதும் உட்பட, முகப்பில் ஓரிடத்தில் சார்ஜில் இருக்கட்டும். படுக்கும் அறைக்குள் எதுவும் போக வேண்டாம்.

கேள்வி: எங்களைக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்கிறார்கள். ஆனால் வீட்டுப்பாடத்தை இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்ஆப் குழுவில்தான் போடுகிறார்கள். சில ஆசிரியர்கள் பாடத்தின் நடுவே அழைப்பு வந்தால் எழுந்து போய்ப் பேசுகிறார்கள். எங்களுக்கு மட்டும்தான் விதியா?
– பிளஸ் ஒன் மாணவி, காரைக்குடி

பதில்: நீ கேட்பது முற்றிலும் நியாயம், அம்மா. வாட்ஸ்ஆப்பில் வீட்டுப்பாடம் போடுவது, 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது வேறு வழியின்றித் தொடங்கிய பழக்கம். பள்ளிகள் திறந்த பிறகும் நிற்கவில்லை. வீட்டுப்பாடம் கடைசிப் பாடவேளை முடிவதற்குள் கரும்பலகையில் எழுதப்பட்டு, உன் குறிப்பேட்டில் ஏற வேண்டும். வகுப்பறையில் ஆசிரியரின் கைப்பேசியும் ஒலியடங்கிப் பைக்குள் இருக்க வேண்டும். உன் பள்ளி அரசுப் பள்ளி என்றால், பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு அங்கே உண்டு. தனியார் பள்ளி என்றால் பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கும். “மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுப்பாடம் வாட்ஸ்ஆப்பில் அனுப்பப்பட மாட்டாது” என்ற ஒரே வரியை எழுதி, உன் ஆத்தாவிடம் கொடுத்து, அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைக்கச் சொல். கூட்டத்தில் என்ன முடிவானது என்று எனக்கு மீண்டும் எழுது. இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.