ரேக்குக்காக 85,000 ரூபாயா? மார்ச் அவசரம் வேண்டாம்

கேள்வி: வளசரவாக்கத்தில் வாடகை வீட்டின் ஓர் அறையில் டப்பிங் பதிவும் மிக்ஸிங்கும் செய்கிறேன். ஒரு மாதம் 40,000 வரும், இன்னொரு மாதம் ஒரு லட்சம் வரும். ப்ரீஆம்ப், கம்ப்ரசர், பேட்ச் பே, ஹெட்போன் ஆம்ப், ஆடியோ இன்டர்ஃபேஸ் என ஒலிக் கருவிகளும் யூ.பி.எஸ்.ஸும் மேஜையிலும் தரையிலுமாகக் கிடக்கின்றன. ரேக்கோடு (கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி மாட்டும் சட்டம்) சேர்ந்த ஸ்டூடியோ மேஜை ஒன்று 85,000 ரூபாய். ‘நோ காஸ்ட்’ இ.எம்.ஐ. உண்டு. கார்பெண்டர் ரேக் பெட்டி மட்டும் செய்ய 14,000 கேட்கிறார். மார்ச் 31-க்குள் பெரிய மேஜையை வாங்கினால் வரி மிச்சமாகும் என்கிறார் நண்பர். எதை வாங்கட்டும்?

பதில்: முதலில் நண்பர் சொன்ன வரிக் கணக்கைப் பார்ப்போம். மேஜையும் ரேக்கும் ஃபர்னிச்சர் வகை. பொருள் தேய்வதற்காக, அதன் விலையில் ஆண்டுக்கு 10% தேய்மானம் என்று வருமானத்தில் கழிக்கலாம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதிதான். மார்ச்சில் வாங்கும் 85,000 ரூபாய் மேஜைக்கு இந்த வருடம் கழிவு 4,250 ரூபாய். நீங்கள் 30% வரி கட்டுபவராகவே இருந்தாலும் மிச்சம் சுமார் 1,300 ரூபாய்தான். அதுவும் வரவு செலவுக் கணக்கு எழுதுபவருக்கு. மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டும் அனுமான முறையில் போகிறவருக்குத் தேய்மானமும் அந்தப் பாதிக்குள்ளேயே அடக்கம், தனியாக எதுவும் கிடைக்காது. இதற்காகவா அவசரம்?

‘நோ காஸ்ட்’ இ.எம்.ஐ.யில் வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டுவார்கள்; அந்த வட்டியின் மேல் 18% ஜி.எஸ்.டி.யும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில் விழும். தொகை சின்னதுதான். என் கவலை வேறு: உங்கள் வருமானம் ஏறி இறங்குகிறது, தவணை இறங்காது. மந்தமான மாதம் ஒன்றில் கிரெடிட் கார்டு பாக்கி நின்றால் மாதம் 3 சதவீதத்துக்கு மேலும் வட்டி போடுவார்கள். 85,000 என்பது உங்களுக்கு இரண்டு மந்த மாதங்களின் வருமானத்துக்கும் மேல். ஆறு மாதச் செலவுக்கான பணம் கையிருப்பில் இல்லாதவரை அந்த மேஜையை மறந்துவிடுங்கள். வாடிக்கையாளர்கள் நேரில் வந்து உட்கார்ந்து கேட்கும் தொழிலாக வளர்ந்தால் அப்போது யோசிக்கலாம்.

சரி, ரேக் எவ்வளவு பெரிதாக வேண்டும்? ரேக் கருவிகளின் முகப்பு அகலம் 19 அங்குலம், உயரம் ‘யூ’ கணக்கு. ஒரு யூ 1.75 அங்குலம். யூ.பி.எஸ்.ஸைத் தவிர்த்தால் உங்களிடம் இருப்பது ஐந்தோ ஆறோ யூ. சூடாகும் கருவிக்கு மேல் ஒரு யூ காலி, நாளைக்கு வாங்கப்போவதற்கு இரண்டு யூ. பத்து யூ தாராளம். அது பதினேழரை அங்குல உயரம்தான். பெரிய ரேக் வாங்கினால் காலி இடம் உறுத்தும், அதை நிரப்பக் கருவி வாங்கத் தோன்றும். ஸ்டூடியோக்காரர்கள் பலருக்கும் அங்கேதான் பணம் கரைகிறது.

14,000 கொடுப்பதற்கு முன் ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றுங்கள். நெட்வொர்க் வேலைக்கு விற்கும் இரும்பு ரேக்கும் இதே 19 அங்குல அளவுதான். ஆடியோ கருவிகள் அப்படியே பொருந்தும். ஆழத்தை மட்டும் கவனியுங்கள். சுவரில் மாட்டும் ரகத்தில் ஆழம் குறைவு. உங்கள் கருவிகளில் நீளமானதை அளந்து, பின்னால் கேபிள் வளைய நான்கு அங்குலமாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அலுவலகங்கள் கழித்துக்கட்டும் பழைய ரேக் கிடைத்தால் இன்னும் லாபம். இரும்பில் துரு மட்டும் பார்த்து வாங்குங்கள், நம் ஊர்க் காற்று அப்படி.

மரத்தில்தான் வேண்டுமென்றால் கார்பெண்டரிடம் பெட்டியை மட்டும் விடுங்கள். கருவிகளைத் திருகி மாட்டும் துளையிட்ட இரும்பு ரெயில்களை நீங்களே வாங்கிக் கொடுங்கள். உள் அகலம் 19 அங்குலத்துக்கு மேல் ஒரு நூலாவது (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இருக்கட்டும், ஈரம் தாங்கும் 18 மி.மீ. பிளைவுட்டாகக் கேளுங்கள். முதுகுப்பலகை வேண்டாம், வெப்பம் வெளியேற வேண்டும். சுவரோடு சேர்த்து எதையும் அடிக்க விடாதீர்கள். வீடு மாறும்போது கழற்றி எடுத்துப்போவது கஷ்டம். பணத்தை யூ.பி.ஐ.யில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகைக்குத் தேய்மானம் கிடைக்காது.

தரைத்தளத்தில் இருக்கிறீர்களா? 2023 டிசம்பர் புயல் மழையை நினைத்துக்கொண்டு, பிரேக் உள்ள நான்கு அங்குலச் சக்கரம் போடுங்கள். தண்ணீர் புகுந்தாலும் கருவிகளை எட்டாதபடி அடி யூ-வைக் காலியாக விட்டு, கனமானதை அதற்கு மேல் முதலில் வைத்து அடுக்குங்கள். அப்புறம், கருவிகளின் சீரியல் எண்களைப் படம் எடுத்து, பில்களோடு மெயிலில் வையுங்கள். வீட்டுப் பொருள் காப்பீடு இருந்தால், தொழில் கருவிகளுக்கும் அது பொருந்துமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொருந்தாது என்றால், மேஜையில் மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பகுதி அந்த பிரீமியத்துக்கே போகட்டும்.