அந்தக் காலுக்கும் அதே வயசுதான்

அன்புள்ள ஐயா,

முதுமையும் ஏற்றத்தாழ்வும் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கஷ்டப்பட்டு வாழ்ந்தவர்களின் உடம்பு சீக்கிரமே மூப்படைகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்கு 71. முப்பது வருடம் நின்றபடியே பார்த்த வேலை. இப்போது யாராவது கைகொடுக்காமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. பெரியம்மாவுக்கு 76, ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியாக ஊர் சுற்றுகிறார். டாக்டரைக் கேட்டால் 'வயசாச்சில்ல' என்கிறார். இது உடல்வாகா? ஆராய்ச்சியாளர்கள் சொல்வதால் எங்களுக்கு என்ன ஆகப்போகிறது? நேற்று குளிப்பாட்டும்போது அம்மாவிடம் கத்திவிட்டேன். இரவெல்லாம் தூக்கமில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதியோர் மருத்துவத்தில் ஒரு பழைய ஜோக் உண்டு. முழங்கால் வலி என்று வந்த பெரியவரிடம் டாக்டர் 'வயசானா அப்படித்தான்' என்கிறார். 'இன்னொரு காலுக்கும் அதே வயசுதானே, அது ஏன் வலிக்கலை?' என்கிறார் பெரியவர். உங்கள் வீட்டில் வலிக்காத கால் ஐந்து வயது மூத்தது வேறு.

உடல்வாகும் கொஞ்சம் இருக்கும்தான். ஆனால் ஆர்லின் ஜெரோனிமஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1992-இல் எழுதியதைப் பாருங்கள். அவர் முதியவர்களிடமிருந்து தொடங்கவே இல்லை. பதின்வயதில் பிள்ளை பெறுவதுதான் ஆபத்து என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, கறுப்பினப் பெண்களில் பதின்வயதின் கடைசியில் பெற்றவர்களைவிட இருபதுகளில் பெற்றவர்களின் சிசுக்களே அதிகம் இறந்ததைக் கண்டார். வெள்ளையினப் பெண்களிடம் அப்படியே தலைகீழ். அதாவது இருபதுகளிலேயே அந்த உடம்புகள் தேயத் தொடங்கிவிட்டன. இதற்கு அவர் வைத்த பெயர் வெதரிங், வெயிலிலும் மழையிலும் கிடந்து கல் அரிபடுமே, அது. பாகுபாடும் ஓயாத கவலையும் ரத்த அழுத்தத்தையும், மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன்களையும் வருடக்கணக்கில் இறங்கவே விடாமல் வைத்திருந்தால் உடம்பு பிறந்த தேதியைவிட முந்திக்கொண்டு முதுமை அடைகிறது என்பது அவர் வாதம்.

பட்டினி கிடப்பவர்களின் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். லண்டனில் 1967-இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வில் இருந்த ஏறத்தாழ 18,000 ஆண்களும் அரசு ஊழியர்கள், எல்லோருக்கும் நிலையான சம்பளம், இலவச மருத்துவம். அப்படியும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் மேலதிகாரிகளுடையதைப்போல மூன்று மடங்கு. சிகரெட், கொழுப்பு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டும் வித்தியாசத்தில் ஒரு பகுதியைத்தான் விளக்க முடிந்தது.

சரி, கத்தியதற்கு வருகிறேன். நானும் அப்பாவிடம் ஒரு சட்டைப் பொத்தானுக்காகக் கத்தியிருக்கிறேன். அவர் அதை மறந்துவிட்டார், நான்தான் மறக்கவில்லை. நீங்கள் ஏன் கத்தினீர்கள் என்று ஊகிக்கிறேன்: 'தானே சாப்பிட முடிகிறது, குளிக்க மட்டும் முடியாதா?' இதற்கு 1963-லேயே சிட்னி கேட்ஸ் என்ற மருத்துவர் பதில் வைத்திருந்தார். குளிப்பது, உடுத்துவது, கழிவறை போவது, எழுந்து இடம் மாறுவது, சிறுநீர் மலம் அடக்குவது, சாப்பிடுவது என ஆறு வேலைகளை வைத்து முதியவர்களைக் கவனித்தார். பெரும்பாலும் முதலில் கைவிட்டுப் போவது குளியல். கடைசிவரை நிற்பது சாப்பாடு. யோசித்துப் பாருங்கள், ஈரத்தரையில் ஒரு காலைத் தூக்க வேண்டும், தலையில் தண்ணீர் ஊற்றும்போது கண்ணை மூட வேண்டும், கண்ணை மூடியதும் பாதி பிடிமானம் போய்விடும். அம்மா அடம் பிடிக்கவில்லை. பயந்திருக்கிறார். உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூலும் சுவரில் ஒரு கைப்பிடியும் உங்கள் கோபத்தில் பாதியை வாங்கிக்கொள்ளும்.

அப்புறம் நீங்கள். கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்ட முதியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து, 1999-இல் ஒரு ஆய்வு வெளியானது. பொறுப்பு பாரமாக அழுத்துவதாகச் சொன்னவர்களின் இறப்பு அபாயம் அந்தப் பொறுப்பே இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம். பாரம் தெரியாமல் பார்த்துக்கொண்டவர்களிடம் அந்த உயர்வு தெரியவில்லை. வாரத்தில் இரண்டு நாள் அம்மாவின் குளியலை இன்னொருவர் எடுத்துக்கொள்ளட்டும். பெரியம்மாதான் தெம்பாக இருக்கிறாரே, கேட்டுப் பாருங்கள்.

என்ன ஆகப்போகிறது என்று கேட்டீர்கள். 1990-இல் முதியோர் இல்லமொன்றில், சராசரி வயது 90 இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்குப் பளு தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக இரு மடங்குக்கும் மேல் கூடியது. உங்கள் அம்மாவுக்கு 71தான். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாத்திரைப் பட்டியல் முழுவதையும் எடுத்துப்போய், எழும்போது தலைசுற்ற வைப்பது இதில் எது என்று கேளுங்கள், பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். மறுபடியும் 'வயசாச்சில்ல' என்றால் பெரியம்மாவின் வயதைச் சொல்லுங்கள்.