காகிதமும் பைன் கொழுந்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றி வாசித்துவருகிறேன். கலப்பையை விட்டுவந்த விவசாயிகள் ஒரு பேரரசையே தோற்கடித்தார்கள். அங்கே எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். நமக்குத்தான் எட்டப்பன்கள் வாய்த்தார்கள். ஏன் இந்த வேறுபாடு? தொடங்குவதற்கு நல்ல நூல்களையும் சொல்லுங்கள்.

எஸ்., கடலூர்

அன்புள்ள எஸ்.,

இந்தக் காலத்தில் ஒருவர் இதையெல்லாம் தேடி வாசிப்பதே எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ‘எல்லோரும் ஒன்றாக நின்றார்கள்’ என்று எந்தப் புண்ணியவான் உங்களிடம் சொன்னார்? எட்டப்பனை விடுங்கள், யார்மேல் கோபம் வந்தாலும் அவர் தலையைத்தான் உருட்டுகிறோம்.

சில நாட்களாகவே அந்தப் போரில் நடந்த கிங்ஸ் மவுண்டன் சண்டை மனதில் ஓடிக்கொண்டிருந்தது. 1780 அக்டோபர் 7. வட, தென் கரோலினாக்களின் எல்லையருகே மரமடர்ந்த ஒரு குன்று. மேலே பிரிட்டிஷ் மன்னர் பக்கத்தார் சுமார் 1,100 பேர்; கீழே வளைத்துக்கொண்ட விடுதலைப் பக்கத்தார் சுமார் 900 பேர். மேலிருந்த படையின் தலைவர் பேட்ரிக் ஃபெர்குசன் ஸ்காட்லாந்துக்காரர். அவரை விட்டால் இரு புறமும் ஏறக்குறைய எல்லோருமே அமெரிக்கர்கள். ஊர்ப்படைக்கு ஏது சீருடை? மன்னர் பக்கத்து ஊர்ப்படையினர் தொப்பியில் பைன் கொழுந்தைச் செருகிக்கொண்டார்கள், எதிர்த்தரப்பினர் காகிதத் துண்டை. அதைப் பார்த்துத்தான் சுட்டார்கள்.

குன்றை வளைத்தவர்களில் பலர் மலைக்கு அப்பாலிருந்து வந்த மலைக்காரர்கள். சுதந்திரப் பிரகடனத்தைப் படித்துவிட்டா அவர்கள் துப்பாக்கி எடுத்தார்கள்? எதிர்ப்பதை நிறுத்தாவிட்டால் மலை தாண்டி வந்து தலைவர்களைத் தூக்கிலிடுவேன், ஊரைக் கொளுத்துவேன் என்று ஃபெர்குசன் சொல்லியனுப்பினார். வந்துவிட்டார்கள். வென்றதும் பெரும்பாலோர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்! வாசலுக்கு ஆபத்து வந்தால்தான் மனிதன் கிளம்புகிறான் என்று பல காலமாகச் சொல்லிவருகிறேன், யார் கேட்கிறார்கள்? மன்னர் பக்கம் போனவர்களுக்கும் இதே கணக்குதான். வட கரோலினாவின் உட்பகுதி விவசாயிகள் 1771இல் வரிக்கும் ஊழல் அதிகாரிகளுக்கும் எதிராக எழுந்து, அலமான்ஸ் என்ற இடத்தில் பிரிட்டிஷ் ஆளுநரின் படையிடம் அடிபட்டார்கள். அன்று ஆளுநரோடு நின்ற பிரமுகர்கள் சிலர் பிறகு ‘விடுதலை’ என்று அழைத்தபோது, அடிபட்டவர்களில் சிலருக்குக் கசந்தது. கசக்காதா? அவர்களைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சண்டை ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சரணடைய முயன்ற மன்னர் பக்கத்தாரையும் சுட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் தென் கரோலினாவின் வாக்ஸாஸில், பிரிட்டிஷ் அதிகாரி டார்ல்டனின் படை எதிர்த்தரப்புக்கு அதையே செய்திருந்தது. அந்தப் படையிலும் பெரும்பாலோர் அமெரிக்கர்களே. ஒரு வாரம் கழித்துக் கைதிகளில் ஒன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். அன்று காகிதப் பக்கம் நின்ற ஜேம்ஸ் காலின்ஸ் என்ற பையன் முதுமையில் எழுதியிருக்கிறார்: மறுநாள் காலை இறந்தவர்களின் மனைவியரும் பிள்ளைகளும் கூட்டமாக வந்தார்கள். பிணங்களை மேலோட்டமாகப் புதைத்து மரக்கட்டையும் கல்லும் போட்டு மூடியதால் ஓநாய்களும் அக்கம்பக்கத்துப் பன்றிகளும் அவற்றைத் தோண்டித் தின்றன. அதன்பிறகு தங்கள் பன்றிகளை உண்ண மனமில்லாமல் பலர் இறைச்சியையே குறைத்துக்கொண்டார்கள். நூல் கேட்டீர்களே, அந்த நினைவுக்குறிப்பிலிருந்து தொடங்குங்கள். தளபதிகளின் வாழ்க்கை வரலாறுகள் காத்திருக்கட்டும்.

கடலூர்க்காரர் நீங்கள், இதையும் கேளுங்கள். அமெரிக்காவுக்காக 1778இல் போரில் இறங்கிய பிரான்ஸும் பிரிட்டனும் 1783 ஜூனில் உங்கள் ஊரில்தான் தரையிலும் கடலிலும் மோதிக்கொண்டன. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலில் வந்துசேர வேண்டாமா? இரு படைகளிலும் நம் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களில் யார் எட்டப்பன் என்று முடிவு செய்துவிட்டு அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.