மண் தோன்றாக் காலம்

அன்புள்ள அக்கா,

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். பூமியின் வரலாற்றையும் உயிர்களின் பரிணாமத்தையும் எட்டாம் வகுப்புக்குச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். சென்ற வாரம் ஒரு மாணவன் தேங்காய் அளவுள்ள உருண்டைக் கல் ஒன்றைக் கொண்டுவந்து, டைனோசர் முட்டை என்றான். அதன் மேல்புறம் ஓடு ஓடாக உரிந்திருந்தது. எனக்கு மறுக்கத் தெரியவில்லை. ‘இந்தப் பாறைக்கு 250 கோடி வயது என்று யார் சார் பார்த்தது?’ என்று ஒரு மாணவி கேட்டாள். ‘குரங்கிலிருந்து வந்தோம் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்’ என்று இரண்டு பெற்றோர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

அரியலூரில் கடல் இருந்த அடையாளம் கிடைக்கிறது. நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் எல்லாமே மலட்டுப் பாறைகள், காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. மாணவர்களை அரியலூருக்கு ஒருநாள் அழைத்துச் செல்வதில் பயன் உண்டா, படம் போட்டுக் காட்டினால் போதுமா என்று சொல்லுங்கள். கூடவே ஒரு கேள்வி. ‘கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே வாளொடு முன்தோன்றி மூத்த குடி’ என்ற பாடலை நம் இனத்தின் தொன்மைக்கு அறிவியல் சான்றாக வகுப்பில் சொல்லலாமா?

அன்புடன்,
உங்கள் வாசகன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில், பழைய கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எடுத்துக் காட்டியிருக்கும் அந்த வரியை ஒரு மாதமாக மனதில் சுமந்துகொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன். ‘மலட்டுப் பாறை’ என்ற சொல்லை வகுப்பில் இனி எடுக்காதீர்கள். ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லக் கூடாத சொல் அது. பாறையைப் பார்த்தும் சொல்லக் கூடாது. உங்கள் பிள்ளைகள் காலையில் தின்றுவிட்டு வந்த களி எதிலிருந்து வந்தது? அந்தப் பாறையிலிருந்துதான் வந்தது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன்.

பெற்றோர் விஷயத்துக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். இன்றைய குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று எந்த அறிவியல் நூலும் சொல்லவில்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பொதுவான மூதாதை இருந்தது. பங்காளிகள் என்று சொல்லுங்கள், ஊரில் எல்லோருக்கும் புரியும்.

அந்த மாணவிக்கு என் முத்தத்தைச் சொல்லுங்கள். சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். நம் பாறைகளில் ஜிர்க்கான் என்ற கனிமம் மணல் பருமனில் கிடக்கிறது. அது படிகமாகும்போது கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அநேகமாக விடவே விடாது. உள்ளே போன யுரேனியம் தானாகச் சிதைந்து சிதைந்து ஈயமாகும். அதன் முக்கிய வகையில் பாதி ஈயமாவதற்கு 447 கோடி ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே இன்று உள்ளே எவ்வளவு ஈயம், எவ்வளவு யுரேனியம் என்று அளந்தால் படிகத்தின் வயது கிடைத்துவிடும். பார்த்தவர் யாரும் இல்லை, கணக்கை எழுதி வைத்த படிகம் இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள்.

இனி பாடல். இனத்தின் தொன்மைக்குச் சான்றாக அதைச் சொல்லாதீர்கள். அது புறப்பொருள் வெண்பாமாலையில் கரந்தைப் படலத்தில், குடிநிலை என்ற துறையில் வருகிறது. பகைவர் கவர்ந்து போன ஆநிரையை மீட்கப் போகும் மறவர் குடியைப் புகழும் பாட்டு. நம் மாவட்டங்களில் மாடு மீட்கப் போய் மாண்டவனுக்கு எத்தனை நடுகற்கள் நிற்கின்றன! அந்த நடுகல்லுக்கு முன்னால் நிறுத்தி இந்தப் பாட்டைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பொருள் நெஞ்சில் இறங்கும். மற்றபடி அது உயர்வு நவிற்சி. மனித இனத்தின் எலும்புகள் ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்துதான் கிடைக்கின்றன. 250 கோடி ஆண்டுப் பாறைக்குப் பக்கத்தில் எந்தக் குடியையும் வாளோடு நிறுத்த முடியாது. நம் பெருமைக்கு இப்படிப்பட்ட முட்டு தேவையும் இல்லை.

ஆனால் தம்பி, அந்தப் பாட்டை மேடைதோறும் முழங்குகிறவர்கள் வாளைப் பிடித்துக்கொண்டு மண்ணை விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமை அங்கேதான். முழுப் பாட்டையும் பாருங்கள். ‘வையகம் போர்த்த வயங்கொலி நீர் கையகல’ என்று வருகிறது. உலகைப் போர்த்தியிருந்த நீர் விலகுகிறது, கல் தெரிகிறது, மண் இன்னும் வரவில்லை. எழுதிய புலவருக்கு நிலவியல் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் கல் இருந்து மண் இல்லாத காலம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. கொஞ்ச நஞ்சக் காலமில்லை, பூமியின் வயதில் மிகப் பெரும்பகுதி அதுதான்.

இதை நான் பத்து வயதில் கிணற்றுக்குள் கற்றேன். 1983, தமிழ்நாடு முழுவதும் வறட்சி. அப்பா கிணற்றை ஆழப்படுத்த ஆள் வைத்தார். வேலைக்கு வந்தவர்களில் ஒரு பெரியவர், நான் நச்சரித்ததால் என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு படிப்படியாகக் கீழே இறங்கினார். மேலே மூன்றடிக்குச் செம்மண். அதன் கீழே கையால் பிசைந்தால் உதிர்ந்துவிடும் உளுத்த பாறை. அதில் பாறையின் வரிகள் அப்படியே தெரியும், ஆனால் நகத்தால் கீறலாம். அதற்கும் கீழே கடப்பாரை பட்டால் பொறி பறக்கும் கருங்கல். 25 அடி ஆழத்தில், கருங்கல்லின் வெடிப்பு ஒன்றில் தலைமுடி போல ஒரு கொத்து வேர் ஈரமாகத் தொங்கியது. மேட்டில் நின்ற புளியமரத்தின் வேர். பெரியவர் அதைப் பிய்க்காமல் விரலால் தொட்டுக் காட்டினார். ‘மரம் கல்லைக் குடிக்கிறது பார், அம்மா’ என்றார்.

பின்னாளில் கல்லூரி நூல்களில் நான் படித்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு உரைதான்.

நம் பாறை பிறந்தது 20 கிலோமீட்டர் அளவு ஆழத்தில், 700 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில். பாதி உருகி, நெளிந்து, மீண்டும் இறுகியது. இங்கிருந்து வெட்டி ‘பாரடைசோ’ என்று பெயரிட்டு விற்கிறார்களே, அந்தக் கல்லின் நெளி நெளியான வரிகள் அந்த உருகலின் அடையாளம். அந்த வெப்பத்தில் எந்த உயிரின் சுவடும் தங்காது. மேலே கிடந்த கிலோமீட்டர் கணக்கான பாறை தேய்ந்து தீர்ந்த பிறகுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. ஆகவே நம்மூரில் புதைபடிவம் இல்லை என்பது குறையல்ல. நாம் கால் வைத்து நிற்பது ஒரு மலையின் அடிவயிற்றில் என்பதற்கு அதுவே சான்று.

சரி, இப்படி வெளியே வந்து வெயிலில் கிடந்த பாறைகளுக்கு மேல் அந்தப் பழங்காலத்தில் என்ன இருந்தது? மழை பெய்தது. ஆறு ஓடியது. களிமண்ணும் ஓரளவு உருவானது, ஈரமான இடங்களில் நுண்ணுயிர்களின் மெல்லிய ஆடையும் படிந்திருந்தது. ஆனால் பிடித்து வைக்க வேர் இல்லை. உருவானதை மழை கடலுக்கு அள்ளிப் போனது. அக்காலத்து ஆற்றுப் படிவுகளில் மணலும் கூழாங்கல்லும்தான் நிறைய. சேற்றுப்படிவு மிகச் சொற்பம். ஏறக்குறைய 47 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பாசிபோன்ற சின்னஞ்சிறு தாவரங்கள் நிலத்தில் ஏறின. அதற்குப் பிறகுதான் ஆற்றுப் படிவுகளில் சேறு பல மடங்கு பெருகுகிறது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட செடிகள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றின் திசுக்களுக்குள் பூஞ்சையின் இழைகள் தெரிகின்றன. சரியான வேர்கூட முளைக்காத அந்தச் செடிகள் பூஞ்சையின் துணையோடு பாறையிலிருந்து சத்தை எடுத்தன.

மண் என்பது பொடியான கல் என்று பாடம் நடத்துகிறோம். தவறு, தம்பி. பொடியான கல் கல்லுடைக்கும் ஆலையின் பின்புறம் மலைபோல் குவிந்து கிடக்கிறது. அதில் ராகி விதைத்துப் பாருங்கள். கல்லை மண்ணாக்குவது உயிர். வேர் மூச்சு விடுகிறது. அந்தக் கரியமில வாயு மழைநீரில் கரைந்து மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையின் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைத் தின்று களிமண்ணாக்குகிறது. வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) கரையாமல் மணலாக நிற்கிறது. கறுப்புக் கனிமங்களில் இருக்கும் இரும்பு துருப்பிடித்துச் சிவக்கிறது. அந்தச் சிவப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் வெளியிட்ட மூச்சிலிருந்து. நம் பாறை அதற்கும் மூத்தது. நம் செம்மண்ணின் நிறமே உயிர் பூசிய நிறம். இதைவிட வேறு என்ன புதைபடிவம் வேண்டும் உங்களுக்கு? மாணவர்களின் கால்சட்டையில் அது தினமும் ஒட்டிக்கொண்டு வருகிறது!

காலத்தைப் புரியவைக்க அரியலூர் வரை போக வேண்டியதில்லை. 50 அடிக் கிணறு ஒன்றின் அருகே நிறுத்துங்கள். அடிக்கு 5 கோடி ஆண்டு என்று கணக்கு வையுங்கள். கிணற்றின் அடித்தளம் நம் பாறை பிறந்த காலம். அங்கிருந்து இரண்டடி ஏறினால் ஆக்சிஜன். அதன் பிறகு முப்பத்தேழு அடிக்கு நுண்ணுயிர்களின் ஆட்சி, கடைசியில் பாசிகளும் சேர்ந்துகொள்கின்றன. மேலிருந்து பதினொரு அடியில் கடலில், கண்களும் கடினமான ஓடுகளும் உள்ள விலங்குகள் பெருகுகின்றன. ஒன்பதரை அடியில் முதல் நிலத் தாவரம், நாலரை அடியில் டைனோசர். பதினாறு அங்குலத்தில் பறவைகள் தவிர மற்ற டைனோசர்கள் அழிகின்றன. மனித இனம் முழுவதும் கடைசி இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கும். பூமியின் முழு வயதான 454 கோடியைக் காட்ட வேண்டுமானால் இன்னும் 41 அடி வெட்ட வேண்டும். இது வெறும் அளவுகோல் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். நம் கிணற்றில் மேலே இருக்கும் பாறையும் கீழே இருக்கும் பாறையும் ஒரே வயதுதான், மேலே இருப்பது உளுத்திருக்கிறது, அவ்வளவே. அரியலூரில்தான் அடுக்கடுக்காக வயது மாறும்.

முட்டைக்கு வருகிறேன். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்திலும் உருண்டைக் கற்கள் கிடைத்து டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. வல்லுநர்கள் பார்த்து இல்லை என்றார்கள். அங்கேயாவது கடற்படிவம் இருக்கிறது, நம்மூரில் அதற்கும் வழியில்லை. உங்கள் மாணவன் கொண்டுவந்த கல்லை நான் பார்க்காமலே சொல்லிவிட முடியும். பாறையின் வெடிப்புகளில் நீர் இறங்கி நான்கு புறமும் அரிக்கும். மூலைகளை மூன்று பக்கங்களிலிருந்து அரிப்பதால் அவை முதலில் போகும். நடுவே உருண்டை மிஞ்சும், வெங்காயம்போல் தோல் தோலாக உரியும். ஒவ்வொரு தோலும் மண்ணாகப் போகிற கல். முட்டை என்று அந்தப் பையன் சொன்னது பெரிய தவறில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் ஒரு மாதமாக ஏன் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் எங்கள் நிலத்தின் மேல்மண்ணை விற்றுவிட்டார். வீட்டுமனைகளை மேடாக்க வேண்டும் என்று வந்து கேட்டிருக்கிறார்கள். ஏழு நாள், லாரி லாரியாக. மூன்றடி மண்ணில் ஓர் அங்குலம் சேரவே சில நூறு ஆண்டுகளாவது ஆகும். அவர் கெட்டவர் இல்லை. ஆழ்துளைக் கிணறுகள் இரண்டு வறண்டுபோய், வட்டி ஏறி, தூக்கம் கெட்டுப் போனவர். நான் கோபத்தோடு கத்தியபோது, ‘கீழே இன்னும் மண் இருக்கிறதே’ என்று உளுத்த பாறையைக் காட்டினார். ஐம்பது ஆண்டு உழுத மனிதர் அவர். அவருக்குக்கூட இதை யாரும் பள்ளியில் சொல்லிக் கொடுக்கவில்லை. டைனோசரின் பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்கிற நேரத்தில் இதைச் சொல்லியிருக்கலாம் என்ற கோபம் எனக்கு உங்கள் மீதும் இருக்கிறது, தம்பி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

புளியமரம் இன்னும் நிற்கிறது. அதைச் சுற்றி மட்டும் பத்தடி வட்டத்துக்கு மண்ணை விட்டுவைத்திருக்கிறார்கள், வேர் லாரிக்காரர்களுக்கு இடைஞ்சலாக இருந்ததாம்.

அரியலூருக்கு அழைத்துப் போங்கள், நல்லதுதான். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், சுரங்கப் பள்ளங்களில் நிழல் கிடையாது. அந்த உருண்டைக் கல்லை உடைத்துப் பார்க்க வேண்டாம். பள்ளி வளாகத்தில் மழை படும் இடத்தில் வையுங்கள். பையன் அதை எங்கே எடுத்தான் என்று கேளுங்கள். கல்லைச் சுற்றி இருந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து ஒரு பொட்டலம் கட்டி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா