ஃபிலிப் ரீடின் ஞாயிற்றுக்கிழமைகள்

அன்புள்ள ஐயா,
அமெரிக்காவில் அடிமைமுறைக்கு இழப்பீடு கேட்கிறார்கள். 1619-இல் தொடங்கியதற்கு இன்று இருப்பவர்கள் எப்படிப் பொறுப்பாவார்கள்? ஆப்பிரிக்க அரசர்களும்தானே ஆட்களை விற்றார்கள்? பட்ட துன்பத்துக்கு யாரால் விலை போட முடியும்?
ச., ஈரோடு

அன்புள்ள ச.,
தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்காகவே பதில் எழுத உட்கார்ந்தேன்.

அரசர்கள் விற்றார்கள், உண்மைதான். விற்றவன் இருந்தான் என்பதால் வாங்கியவன் யோக்கியனாகிவிட மாட்டான். அதை விடுங்கள். 1619-இல் வர்ஜீனியா கரையில் இருபது சொச்சம் அங்கோலா மக்களைக் கொடுத்துவிட்டு உணவுப் பொருள் வாங்கிப் போனது ஒரு கப்பல். ஆனால் 1662-இல்தான் அங்கே தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று சட்டம் எழுதினார்கள். பெற்ற தகப்பனே முதலாளியாக இருந்தாலும் பிள்ளை அவன் சொத்துதான். அதையும் படியுங்கள்.

"யாரால் விலை போட முடியும்?" என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. இப்படி எழுதுமுன் கொஞ்சம் தேடிப் பார்த்திருக்கக் கூடாதா? விலை போட்டார்கள் தம்பி, அரசாங்கமே போட்டது. 1862 ஏப்ரலில் வாஷிங்டன் நகரத்து அடிமைகளை விடுவித்தபோது ஒரு குழு அமைத்தார்கள். பால்டிமோரிலிருந்து அடிமை வியாபாரி ஒருவரையே வரவழைத்து, ஆள் ஆளாக மதிப்பிட வைத்தார்கள். சராசரி 300 டாலருக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. பணம் முழுக்க முதலாளிகளுக்கு. விடுதலையானவர்கள் கையில், பட்ட பாட்டுக்கென்று ஒரு காசு வரவில்லை.

அந்த நகரத்தில் ஒருமுறை நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றிருக்கிறேன். உச்சியில் இருப்பது சுதந்திரத்தின் சிலை. அதை வார்த்தவர்களில் ஒருவர் ஃபிலிப் ரீட், அடிமை. சிலையின் பிளாஸ்டர் மாதிரியைப் பிரிக்க வேண்டியிருந்தது; பூட்டியவரோ இணைப்பு எங்கே என்று காட்ட மறுத்துவிட்டார். ரீட் அதன் தலையிலிருந்த வளையத்தில் கயிறு கட்டி, கப்பி வைத்து மெல்ல மெல்லத் தூக்கினாராம். மயிரிழை போல விரிசல்கள் தெரிந்தன. இணைப்புகள் அகப்பட்டுவிட்டன!

வார்ப்பு அச்சுகளின் அடியில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட 33 ஞாயிறுகளுக்கு, நாளுக்கு 1.25 டாலர் வீதம், அவர் கைக்கு வந்தது 41.25 டாலர். மற்ற ஆறு நாள் கூலியும் முதலாளி கிளார்க் மில்ஸுக்கு. அதே மில்ஸ் 1862-இல் ரீடுக்கு 1,500 டாலர் கேட்டு மனுப் போட்டார். ஆள் குட்டை, பார்க்க லட்சணமில்லை, ஆனால் புத்திசாலி, வார்ப்பு வேலையில் கெட்டி என்று எழுதினார். 350 டாலர் 40 சென்ட் கிடைத்தது.

"இன்று இருப்பவர்கள்" என்றீர்கள். பிரிட்டன் 1833-இல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது முதலாளிகளுக்கு ஒதுக்கிய 2 கோடி பவுண்டுக்காக வாங்கிய கடன் 2015-இல்தான் தீர்ந்தது. அதற்கு வரி கட்டியவர்களில் அடிமைகளின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளும் உண்டு.

1989-இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் கன்யர்ஸ் இந்த இழப்பீடு பற்றிக் கொண்டுவந்த மசோதா பணம்கூடக் கேட்கவில்லை. ஆராய்ந்து சொல்ல ஒரு குழு போடுங்கள் என்றுதான் கேட்டது. அவர் காலம் முடியும்வரை அது நிறைவேறவில்லை. மில்ஸ் போன்றவர்களுக்குக் கணக்குப் பார்த்த குழுவோ, ஒன்பதே மாதத்தில் வேலையை முடித்து அறிக்கை கொடுத்துவிட்டது.